சாமி ஆற்றுக்குப் போகும் மாதம்

திருவண்ணாமலைப் பக்கம் அருவி எங்கே இருக்கிறது என்று கேட்பவரிடம், எந்த மாதம் வருகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. பங்குனி, சித்திரை என்று பதில் வந்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கோயிலைக் காட்டி அனுப்பிவிடலாம். குற்றாலத்துச் சீசன் நாடறிந்தது. இங்குள்ள அருவிகளுக்கும் சீசன் உண்டு. அது ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மே மாதத்தில். பீமன் அருவிக்குப் போகும் வழியில் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்கார அம்மா, "இப்ப இன்னாத்துக்கு சார் போறீங்க? பாறைய பாத்துட்டு வருவீங்க. ஆடி கழிச்சு வாங்க" என்றார். கேட்கவில்லை. போனேன், பாறையைப் பார்த்தேன். தண்ணீர் வழிந்த கறுப்புத் தடமும், அடியில் பாசி பிடித்த ஒரு குட்டையும் இருந்தன. திரும்பி வந்தபோது அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோலி சோடாவை எடுத்து முன்னால் வைத்தார்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் இடங்களுக்கு முன்னால் காலத்தைப் பேசிவிடுவோம்.

திருவண்ணாமலை இரண்டு ஆறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம் பக்கம் சமவெளிக்கு இறங்கி, கலசபாக்கம், செய்யாறு நகரம் என்று கிழக்கே போய் கடைசியில் பாலாற்றில் விழுகிறது. தெற்கே தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் தாண்டி, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலைத் தொடுகிறது. நகரத்துக்குப் பக்கத்தில் ஓடும் துரிஞ்சலாறு தென்பெண்ணைக்குப் போய்ச் சேரும் சிற்றாறு. இவை எல்லாமே மழை ஆறுகள். பனி உருகி வரும் தண்ணீர் இந்தப் பக்கம் எந்த ஆற்றுக்கும் கிடையாது.

மழை இங்கே இரண்டு தவணையாக வருகிறது. ஆடி கடைசி முதல் புரட்டாசி வரை, பகலெல்லாம் புழுங்கி மாலையில் இடியோடு கொட்டும் மழை. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல் உருவானால் இரண்டே நாளில் மாதத்து மழை முழுவதும் இறங்கிவிடும். முதல் தவணையில் மலை நனைகிறது, அருவிக்கு உயிர் வருகிறது. இரண்டாம் தவணையில் ஏரிகள் நிறைகின்றன, ஆறு கரை தொடுகிறது. அருவி மட்டும் போதுமென்றால் ஆவணி, புரட்டாசி நல்ல மாதங்கள். அருவியும் வேண்டும், ஆற்றங்கரையில் நடக்கவும் வேண்டும் என்றால் மார்கழியும் தையும். அப்போது தண்ணீர் கொஞ்சம் இளைத்திருக்கும், ஆனால் தெளிந்திருக்கும். கார்த்திகையில் அருவி பார்க்க மிக அழகாக இருக்கும், கிட்டே போக மிக மோசமாக இருக்கும். தீபத்துக்கு வந்தவர்கள் அப்படியே அருவிக்கும் போய் வரலாம் என்று கணக்குப் போடுவதுண்டு. வேண்டாம்.

கோயில் காலண்டரில் ஆறு

இந்தக் கணக்கை வானிலை அறிக்கை வருவதற்கு வெகுகாலம் முன்பே போட்டு வைத்தவர்கள் கோயில்காரர்கள். அண்ணாமலையார் ஆண்டில் மூன்று முறை ஊரைவிட்டு ஆற்றுக்குப் போகிறார். மூன்றும் தையிலும் மாசியிலும் வருகின்றன.

முதலாவது தை 5, மணலூர்பேட்டை. ஜனவரி 18, 19 வாக்கில் வரும். பொங்கல் முடிந்த கையோடு சாமி தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொள்கிறார். அன்றைக்கு அந்த ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றிலும் ஆற்றுத் திருவிழாதான். சுற்றுக் கிராமத்துச் சாமிகள் எல்லாம் டிராக்டரிலும் தோளிலுமாக வந்து சேரும். மணலில் கடை போட்டிருப்பார்கள். சுருளி அப்பளமும் சிறுவள்ளிக்கிழங்கும் ஆற்றுத் திருவிழாவின் தின்பண்டங்கள். கிழங்கை வாங்காமல் வீடு திரும்பினால் ஆற்றுக்குப் போனதாகவே கணக்கில்லை.

இரண்டாவது ரத சப்தமி. தை அமாவாசைக்குப் பின் ஏழாம் நாள், ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். அன்று வடக்கே கலசபாக்கம். செய்யாற்றில் தீர்த்தவாரி. உள்ளூர் திருமாமுடீஸ்வரரும் கரைக்கு வந்து எதிர்கொள்வார்.

மூன்றாவது மாசி மகம், பள்ளிகொண்டாப்பட்டு, கௌதம நதி. இது கொண்டாட்டம் இல்லை, ஈமக்கடன். 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட போசள அரசர் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது தலத்துக் கதை. மதுரை சுல்தானோடு நடந்த போரில் அரசர் இறந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈசானிய தீர்த்தத்தில் சாமிக்கு அந்தச் சாவுச் செய்தி சொல்லப்படும். போகும்போது மேளதாளத்தோடு போன சாமி, திரும்பும்போது வாத்தியம் இல்லாமல் திரும்புவார். மாசி மகத்தன்று ஆற்றங்கரைக்குப் போய் மகன் செய்ய வேண்டிய திதியைச் செய்கிறார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மேளம் இல்லாத ஊர்வலத்தில் கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. தேரோடு, பல்லக்கோடு, ஆயிரக்கணக்கான சனத்தோடு ஆற்றுக்குள் இறங்க வேண்டும் என்றால் வெள்ளம் வடிந்திருக்க வேண்டும், மணல் கெட்டிப்பட்டிருக்க வேண்டும், குளிக்கும் அளவுக்கு நீரும் மிச்சமிருக்க வேண்டும். மூன்றும் கூடி வருவது தை, மாசியில்தான். சாமியே கார்த்திகையில் ஆற்றுக்குப் போவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஆறு பார்க்க வருகிறவர்களுக்கு இந்த மூன்று நாட்களில் ஒன்றையே சொல்வேன். அன்றைக்கு வழி தேட வேண்டாம், கூட்டம் போகிற பக்கம் போனால் ஆறு வந்துவிடும். தனியாக நடக்க விரும்புகிறவர்கள் அதற்கு இரண்டு நாள் தள்ளிப் போகலாம்.

மலையிலேயே உள்ள தண்ணீர்

ஊரைவிட்டு வெளியே போக நேரமில்லாதவர்களுக்கு ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து கந்தாசிரமம் போகும் நடைவழி இருக்கிறது. கல் பாவிய பாதை. மெதுவாக ஏறினால் முக்கால் மணி நேரம். வழியில் ஓர் இடத்தில் மரங்கள் விலகிக் கோயிலின் கோபுரங்களும் பிராகாரங்களும் வரைபடம் விரித்தது போலக் கீழே தெரியும். கந்தாசிரமத்தில் ஊற்று உண்டு. ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விரூபாட்ச குகை அங்கிருந்து கொஞ்சம் கீழே. 1916 முதல் 1922 வரை கந்தாசிரமம். குகையில் கோடைக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தது. மேலே ஊற்று இருந்தது. ஞானிகளின் முகவரியையும் இந்த மலையில் தண்ணீர்தான் மாற்றியிருக்கிறது.

காலையில் போய்விடுங்கள். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு ஏறினால் அது அவற்றுடையது. செருப்பில்லாமல் நடப்பது இங்குள்ள பெரும்பாலோர் வழக்கம். பத்து மணிக்கு மேல் அந்தக் கல் உங்கள் பக்தியைச் சோதிக்கும்.

அதற்கு மேலே, உச்சி நோக்கி வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. பெருமழை பெய்த மறுநாள் மலையின் பாறை முகங்களில் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்குவது கிரிவலப் பாதையிலிருந்தே தெரியும். அழகுதான். அதைத் தேடிக்கொண்டு புதருக்குள் ஏறுகிற இளைஞர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெங்கல் புயல் மழையில் இதே மலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போனார்கள், ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று பொதுமக்களை மலையேற விடவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலிருந்து பார்த்தாலே மலையின் தண்ணீர் முழுவதையும் பார்த்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆடையூர்ப் பக்கம் நடக்கும்போது தலையைத் திருப்பிப் பாருங்கள்.

பீமன் அருவி

இனி முக்கியமான பயணம். திருவண்ணாமலையிலிருந்து போளூர் 35 கிலோமீட்டர். போளூரில் வண்டிக்குப் பெட்ரோலும் வயிற்றுக்கு இட்லியும் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து அத்திமூர் தாண்டி மலைச்சாலை; ஜமுனாமரத்தூர் போய்ச் சேர எல்லாமாகச் சுமார் 80 கிலோமீட்டர் ஆகும். போளூரிலிருந்து பஸ் உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. இன்னொரு வழி செங்கம், பரமனந்தல், குப்பநத்தம் பக்கமாக ஏறுவது. அந்தச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு, காடு கூடுதல். போளூர் வழியாக ஏறிப் பரமனந்தல் வழியாக இறங்கினால் இரண்டையும் பார்க்கலாம். இறங்குவது வெளிச்சத்தில் இருக்க வேண்டும். வழியில் பல இடங்களில் செல்போன் பொம்மைதான்.

ஜவ்வாது மலை கூரான மலை இல்லை. மேலே ஏறினால் ஊர்களும் வயல்களும் பலா மரங்களும் புளிய மரங்களுமாக, மாடியில் இன்னொரு நாடு வைத்தது போல விரிந்து கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரம். இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் சொல்லிக்கொள்கிறார்கள், பேசுவது தமிழ். சாமை இந்த மலையின் தானியம். ஆவணி, புரட்டாசியில் போனால் சாமைக் கதிர் காற்றில் சாய்வதைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம்.

ஊர்க்காரர்களிடம் வழி கேளுங்கள், பேசுங்கள். எடுத்த எடுப்பில் கேமராவை நீட்டாதீர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விசாரிக்கவும் படம் எடுக்கவும் வந்து போய்விட்டார்கள். அறிமுகமில்லாத காரைப் பார்த்ததும் ஒரு வீட்டுக் கதவு சாத்தப்பட்டால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில் பீமன் அருவி. பீமன் மடவு என்றும் சொல்வார்கள். கடைசித் தொலைவு நடந்து இறங்க வேண்டும். குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். இது தலைக்கு மேலிருந்து கொட்டும் அருவி இல்லை. பாறைமேல் அகலமாகப் பரவி, தட்டுத் தட்டாக வழுக்கி இறங்குகிற தண்ணீர். நல்ல மழைக்குப் பிறகு பாறை முழுவதும் மறைந்து வெள்ளையாக இருக்கும். தையில் போனால் நான்கைந்து பிரிவாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிச் சத்தத்தோடு இறங்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உட்கார்ந்து கேட்கலாம்.

வழுக்கி இறங்குகிற தண்ணீர் என்றேன். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. நேராக விழும் அருவியின் அடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் தண்ணீர் வேகமாக வருவது தெரியும். பரவி வழியும் பாறையில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவர், காலடியில் பாசி இருப்பதை விழுந்த பிறகுதான் அறிகிறார். தண்ணீர் ஓடும் பாறையைவிட, நேற்று ஓடி இன்று காய்ந்து கொண்டிருக்கும் ஓரப் பாறை மோசம். கறுப்பாக, பளபளப்பாக எது இருக்கிறதோ அதில் கால் வைக்காதீர்கள். ரப்பர் செருப்போடு நடப்பதைவிட அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடப்பது நல்லது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாறையில் நடக்க வேண்டாம். விழுந்தால் இருவரும் விழுவீர்கள்.

இந்தப் பாசி விஷயத்தை எனக்கு முன்பே ஒருவர் இதே வட்டாரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தின் பழம்பெயரான செங்கண்மாவில் இருந்த நன்னன் என்ற தலைவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழி சொல்கிறான். ஆற்றுப்படை என்றாலே வழிகாட்டுதல்தான். நம் மாவட்டத்தின் முதல் வழிகாட்டி நூல் அது. கோயிலை, அரசனைப் புகழ்வதோடு அவர் விட்டுவிடவில்லை. காட்டுப் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் நடக்காமல் விடிந்த பிறகு கிளம்பு. பள்ளங்களில் பாம்பு பதுங்கியிருக்கும். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணால் எறியும் கல் உங்கள் மேல் விழலாம், மரத்தின் பின்னால் ஒதுங்கு. பாசி படர்ந்து கால் வழுக்கும் நீர்நிலை வரும், ஓரத்தில் வளர்ந்த மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு கட. ஏறக்குறைய இப்படிப் போகிறது. கவண் கல்லை மட்டும் நீக்கிவிட்டால் இன்றைக்கும் அப்படியே அச்சடித்து வனத்துறைப் பலகையில் ஒட்டலாம். அருவியில் ஆடும் பெண்கள் நீரைக் குடையும் ஓசை முதலாக மலையில் எழும் சத்தங்களையெல்லாம் அவர் அடுக்கிக்கொண்டே போகும் இடம்தான் நூலுக்கே பெயர் கொடுத்தது. பீமன் அருவிக்குப் போகும் முன் அந்தப் பகுதியை மட்டுமாவது உரையோடு வாசித்துவிட்டுப் போங்கள்.

திடீர் வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே நான்கு கிலோமீட்டரில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் மண்ணிறமாக மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் ஒரு படி தடித்தால், துண்டை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஆடி முதல் கார்த்திகை வரை மதியம் இரண்டு மணிக்குமேல் பாறைக்குள் இருக்கவே வேண்டாம், ஏனென்றால் இங்கே இடிமழை மாலைக்காரன்.

ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். தேன், கடுக்காய், சாமை அரிசி வாங்கலாம். இரவு தங்குகிறவர்கள் காவலூர் வரை போய் வரலாம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். மழைக்கால மேகத்தில் நட்சத்திரம் தெரியாது. அருவிக்கும் வானத்துக்கும் ஒரே பயணம் என்றால் மீண்டும் தை மாதம்தான் கைகொடுக்கும்.

செய்யாற்றின் ஒரு கரை

மலைபடுகடாத்தில் கூத்தன் கடைசியில் சொல்லும் வழி, சேயாற்றின் ஒரு கரையையே பிடித்துக்கொண்டு போங்கள் என்பது. இன்றைய செய்யாறுதான். செங்கத்துக்கு மேலே குப்பநத்தத்தில் அணை கட்டியிருக்கிறார்கள். பின்னணியில் ஜவ்வாது மலைச்சுவர். அணையிலிருந்து கீழே கரையோடு சில கிலோமீட்டர் நடப்பது நான் அடிக்கடி செய்கிற காரியம். பாதை என்று பலகை போட்ட பாதை கிடையாது. மாட்டு வண்டித் தடம், வரப்பு, பம்பு செட்டு, மறுபடி தடம். நெல் வயலில் யாராவது இருந்தால் கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள். நாய்களுக்காகக் கையில் ஒரு குச்சி. ஆற்றை அடிக்கடி கடக்காமல் ஒரே கரையில் போவது, கூத்தன் சொன்னது போல, இங்கே நல்ல யோசனை. மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும், முழங்கால் ஆழம் என்று இறங்கிய இடத்தில் அடுத்த அடி கழுத்தளவு.

கடலாடி, தென்மாதிமங்கலம் பக்கம் வந்தால் பர்வதமலை எழுந்து நிற்கும். பழைய நவிரம் இதுவே என்பார்கள். நவிரத்தில் நஞ்சுண்ட கடவுள் உறைவதாகப் பெருங்கௌசிகனார் பாடியிருக்கிறார். இன்றும் உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கடைசிப் பகுதி இரும்புச் சங்கிலியும் பாறையில் அடித்த கடப்பாரைகளும்தான். அது தனி அத்தியாயத்துக்கு உரியது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு அடிவாரத்து நிழலும் மோரும் போதும்.

இதே பக்கம் வடக்கே படவேட்டையும் சொல்லியாக வேண்டும். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளிகளில் போகும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அங்கே மலையும் வாழைத் தோப்பும் ஓடை நீரும் இருப்பதைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறார்கள். கமண்டல நதியின் மேல் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. அரை நாள் போதும். கோயில் கூட்டம் இல்லாத புதன்கிழமை பாருங்கள்.

சாத்தனூரும் தென்பெண்ணையும்

தண்டராம்பட்டு வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். 1958இல் முடிந்த அணை, முழு நீர்மட்டம் 119 அடி. ஒரு காலத்தில் சினிமா பாட்டுக்கு ஆடாத நாயகன் இல்லாத பூங்கா. எங்கள் ஊர்க்காரர்கள் போவதென்னவோ மீன் வறுவலுக்கு. எண்ணெயை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, புதிதாக ஊற்றியிருக்கும் கடையில் உட்காருங்கள். முதலைப் பண்ணை குழந்தைகளுக்குப் பிடிக்கும். நீர்த்தேக்கத்திலும் முதலைகள் உண்டு என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அணைக்குக் கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே போகும் இடங்கள் குளிக்கச் சொல்லும். குளிக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேலே மழை பெய்ய வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியில் பெய்தால் போதும். 2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அகரம்பள்ளிப்பட்டு அருகே திறந்து மூன்று மாதமான பாலம் அடித்துக்கொண்டு போனது. விழுப்புரம், கடலூர் வரை ஊர்கள் மூழ்கின. தண்டோரா, ஒலிபெருக்கி, வருவாய்த்துறை எச்சரிக்கை இவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றைய ஆற்றுப் பயணம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தென்பெண்ணையை நிதானமாகப் பார்க்க நல்ல இடம் திருக்கோவிலூர். ஆற்றுக்குள் பாறைமேல் சின்னஞ்சிறு கோயிலாக நிற்பது கபிலர் குன்று. பாரி இறந்த பின் அவன் பெண்களை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்த இடம் என்பது ஊர் நம்பிக்கை. மாசியில் மணலில் நடந்தே போய்த் தொடலாம். கார்த்திகையில் கரையிலிருந்து பார்க்கலாம்.

மாவட்டத்துக்கு வெளியே இரண்டு அருவிகள். வேலூர்ப் பக்கம் அமிர்தி, ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவு. சிறிய உயிரியல் பூங்காவும் அருவியும். திருப்பத்தூர்ப் பக்கம் ஜலகாம்பாறை, ஏலகிரியின் அடியில், முருகன் கோயிலோடு. இரண்டுக்கும் விடுமுறைக் கூட்டம் அதிகம். அமிர்திக்கு ஒரு முறை போகலாம். ஜலகாம்பாறையை ஏலகிரிக்குப் போகிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள் காலையில்

மாற்றுத் துணி, இரண்டு லிட்டர் தண்ணீர், எலுமிச்சைச் சாதம், பத்தடி கயிறு, டார்ச் விளக்கு. பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு, 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே. சாராய பாட்டிலோடு அருவிக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. அவர்கள் இந்தப் புத்தகத்தை வாசிப்பதில்லை.

அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யூடியூப்பைப் பார்க்காதீர்கள். அந்தப் படம் எந்த ஆண்டு மழையோ. காலை ஆறு, ஆறரைக்குப் போளூர் பஸ் நிலையத்தில் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸின் கண்டக்டரையோ, அதில் காய்கறி மூட்டையோடு வருகிறவர்களையோ கேளுங்கள். "மேல நேத்து மழையாண்ணே?" என்று கேட்டால் போதும். "லேசா தூறல்" என்றால் தைரியமாக ஏறலாம். "ரெண்டு நாளா வெயிலு" என்றால் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். "ராத்திரி முழுக்க ஊத்துச்சு, தரைப்பாலத்து மேல போவுது" என்றால் வண்டியைப் படவேட்டுப் பக்கம் திருப்புங்கள். ஒன்பது மணிக்குள் போனால் கோயிலில் கூட்டம் இருக்காது.